சாயநீரும் சமுத்திரமும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீரைக் குழாய் வைத்துக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம் என்னும் யோசனை புதிதன்று. 2011-ம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் அது சர்க்கார் வட்டாரங்களிலும் முதலாளிகளின் சங்கங்களிலும் பலமாகப் பிரஸ்தாபிக்கப்பட்டது. யோசனை நிறைவேறவில்லை; ஆயினும் அது மறைந்துபோகவும் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புக் குவியல் உயரும்போதும், மின்சாரச் செலவு ஏறும்போதும், "கடல் எதற்கு இருக்கிறது?" என்ற பேச்சு மீண்டும் கிளம்புகிறது. இத்தகைய யோசனைகள் எந்த மாகாணத்தில் எழுந்தாலும், அவற்றோடு கூடவே நிபுணர்கள் தயாரித்த ஒரு கணக்கும் வந்து சேருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கழிவு நீரை இவ்வளவு சுத்திகரித்து, கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் விட்டால், கடல் நீர் இன்ன நிலையில் இருக்கும் என்று யந்திரத்தின் உதவியால் முன்கூட்டியே கணிப்பதே அந்தக் கணக்கு. இதை மாதிரிக் கணக்கு என்று சொல்லலாம். "கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, கடலுக்குக் கேடில்லை" என்ற வாக்கியத்தை மகாஜனங்கள் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

உடுமலைப்பேட்டையில் இருந்துகொண்டு சமுத்திரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நமக்கும் கீழைக் கடலுக்கும் இடையே 250 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருப்பது உண்மையே. ஆனால் நமது அமராவதி கரூரைக் கடந்து திருமுக்கூடலூரில் காவேரியோடு கலக்கிறது. நொய்யலும் காவேரியையே அடைகிறது. கொங்கு நாட்டின் தண்ணீரில் பெரும்பகுதி போகும் திசை அது. 2009-ம் ஆண்டு முதல் நமது தாலூகா திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் குழாய் ஒருநாள் புறப்படுமானால், நமது ஜில்லாவின் பெயராலேயே புறப்படும். அதனால் விளையும் நன்மை தீமைகளுக்கு நாமும் பொறுப்பாளிகளே.

முதலில் நமது வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவது நியாயம். வெள்ளியங்கிரி மலைப் பக்கத்தில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து வரும் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பட்டு 1992-ல் முடிந்தது. பாசனத்திற்காகக் கட்டிய அணை அது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதில் சாயக்கழிவு தேங்கிற்று. "தண்ணீரைத் திறந்து விடுங்கள்" என்று கேட்பதே எங்கும் விவசாயிகளின் வழக்கம். இங்கோ, "தயவுசெய்து திறக்காதீர்கள்" என்று ஆயக்கட்டு விவசாயிகளே சர்க்காரை வேண்டிக்கொள்ளும் காலம் வந்தது. கிணறுகள் உப்பாயின, தென்னையும் பயிரும் வாடின. அவர்கள் ஹைக்கோர்ட்டை நாடினர். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் அடையவேண்டும் என்று 2006 டிசம்பரில் ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் 2009 அக்டோபரில் அதை உறுதிப்படுத்தியது. உத்தரவு நிறைவேறாதது கண்டு, 2011 ஜனவரி 28-ந் தேதி சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி ஹைக்கோர்ட்டு ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் அன்று பட்ட கஷ்டத்தைத் திருப்பூர் மறந்திருக்க முடியாது. பிறகு சர்க்கார் சுமார் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்பு நீரையே பிரித்தெடுத்து மீண்டும் சாயத் தொட்டிக்குப் பயன்படுத்தும் முறை வெற்றி பெற்றது. பட்டறைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தொழிலுக்கு நாம் விரோதிகள் அல்லர். பனியன் கம்பெனிகளை நம்பி நமது தாலூகாவிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போகிறவர்கள் பலர். கழிவு நீரில் தண்ணீரை மீட்டெடுப்பதற்கும், எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைப்பதற்கும் ஆகும் செலவு பெரிது என்பதும், பிற தேசத்துப் போட்டியாளர் பலருக்கு இந்தச் செலவு இல்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆகையால் கடல் யோசனையைச் சொல்பவர்களின் வாதத்தை அலட்சியம் செய்யாமல் கேட்போம்.

அவர்கள் சொல்வது இது: "சாயக்கழிவில் முக்கியமான தொந்தரவு உப்பு. லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை உப்பு இருப்பதால் அது நிலத்தைக் கெடுக்கிறது. கடல் நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இயற்கையாகவே இருக்கிறது. உப்பை உப்பில் விடுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?" இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நொய்யலில் விஷமாக இருந்த உப்பு கடலில் அவ்வாறு இராது. ஆனால் கழிவில் உப்பு மட்டுமா இருக்கிறது? துணியில் பிடிக்காமல் தங்கிய சாயம், சோப்பு வகைகள், நீரின் பிராணவாயுவை உறிஞ்சும் அழுக்கு, சில சமயங்களில் உலோகங்கள் ஆகியவையும் இருக்கின்றன. இவற்றில் எவ்வளவைச் சுத்திகரிப்பு நிலையம் எடுத்துவிடுகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி. மாதிரிக் கணக்கு பதில் சொல்லவேண்டியதும் இந்தக் கேள்விக்கே.

இந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது? கடலின் ஒரு பகுதியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆழம், காற்று, ஏற்றவற்றம், கடலோரத்தார் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் ஆகியவற்றை எழுதுகிறார்கள். குழாயின் வாயிலிருந்து தினமும் எவ்வளவு நீர், எவ்வளவு அழுக்குடன் வருகிறது என்பதையும் சேர்க்கிறார்கள். பின்னர் அந்த அழுக்கு எவ்வாறு பரவும், எவ்வளவு கரையும், எத்தனை நாளில் சிதையும், பிராணவாயு எவ்வளவு குறையும் என்று யந்திரம் கணித்துச் சொல்கிறது. இந்த வித்தையின் வேர் பழையது. அமெரிக்காவில் ஒஹையோ நதியை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்னும் இருவர், அழுக்கு விழுந்த நதியில் பிராணவாயு எவ்வாறு குறைந்து மீண்டும் ஏறுகிறது என்பதற்கு 1925-ல் ஒரு சூத்திரம் கண்டனர். கடற்கணக்குகளிலும் அதன் சந்ததியை இன்றும் காணலாம். வித்தை உயர்ந்ததே, நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போடுகிறவரிடம் எதைக் கொடுக்கிறோமோ, அதற்குத் தகுந்த விடையே வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி எதைக் கொடுக்கிறார்கள் என்பது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு நிலையத்திலிருந்து தினம் 1 கோடி லிட்டர் நீர் வெளியாகிறது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அழுக்கு என்று வைத்தால், தினம் 300 கிலோ. பத்து நாளைக்கு 3,000 கிலோ. கணக்கில் ஏறுவது இந்தத் தொகையே. ஆனால் அந்தப் பத்து நாட்களில் ஒரே ஒரு நாள், மின்சாரம் நின்றோ, செலவை மிச்சம் பிடிக்கவோ, சுத்திகரிக்காமல் லிட்டருக்கு 300 மில்லிகிராமுடன் நீர் போய்விட்டதென்றால், அந்த ஒரு நாளிலேயே 3,000 கிலோ போய்ச் சேருகிறது. மற்ற ஒன்பது நாட்களுக்கு 2,700 கிலோ. ஆகமொத்தம் 5,700 கிலோ. ஏறக்குறைய இரு மடங்கு. பத்தில் ஒன்பது நாள் யோக்கியமாக நடந்தும் பயனில்லை. மேலும், மீனும் இறாலும் பத்து நாள் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அன்றன்றைய தண்ணீரையே சுவாசிக்கின்றன. கெட்ட நாளும் நீரோட்டம் மந்தமான நாளும் ஒன்றாக வந்தால், கேடு அன்றே நிகழ்ந்துவிடும். நிலையம் காகிதத்தில் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதைக் கணக்கில் வைக்கிறார்களா, உண்மையில் எவ்வாறு நடக்கிறது என்பதை வைக்கிறார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எந்த நீரை விடப்போகிறார்கள் என்பதும் தெளிவாக வேண்டும். சாதாரணச் சாயக்கழிவு கடல் நீரைவிட உப்புக் குறைந்தது, ஆகவே இலேசானது. கடலடியில் விட்டால் அது மேலே எழும்பி, எழும்பும் வழியில் கலந்து, பரப்பில் படரும். ஆழம் அதிகமானால் கலப்பும் அதிகமாகும். ஆனால் தண்ணீரை மீட்டுக்கொண்டபின் எஞ்சும் சுண்டிய உப்பு நீரை விட நினைத்தால், அது கடல் நீரைவிடக் கனமாகவும் இருக்கலாம். அப்போது அது எழும்பாது. தரையோடு தரையாகப் பரவி, மீன் முட்டையிடும் இடங்களில் தங்கும். முன்னதற்குப் போட்ட கணக்கைக் காட்டிப் பின்னதற்கு அனுமதி பெறுவது பெரிய பிழையாகும்.

கடற்பக்கத்திற்கு வருவோம். கூர்ஜரத்தைப் பார்க்கும்படி சொல்வார்கள். அங்கே அங்கலேஸ்வரம் பகுதி ஆலைகளின் சுத்திகரித்த கழிவு, நீண்ட குழாய் வழியே காம்பே வளைகுடாவில் விடப்படுகிறது. ஆனால் அந்த வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் 10 மீட்டர் வரை போகிறது. உலகத்திலேயே வேகம் மிகுந்த ஏற்றவற்றங்களில் அது ஒன்று. நமது நாகப்பட்டினக் கரையிலோ அது ஒரு மீட்டருக்குள் அடக்கம். அங்கே நாளுக்கு இருமுறை கடலே கலக்கிக் கொடுக்கும் வேலையை, இங்கே காற்றும் நீரோட்டமும்தான் செய்யவேண்டும். அந்த நீரோட்டமும் ஒரே திசையில் போவதில்லை. கோடை மாதங்களில் பெரும்பாலும் வடக்கே போகும். ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே திரும்பும். தெற்கே கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணைப்பும் வளைகுடாவும். சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லாத தண்ணீர் அது. சித்திரையில் பதினைந்து நாள் மட்டும் நீரோட்டத்தை அளந்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் கணக்கு எழுதினால், கார்த்திகையில் கழிவு எங்கே போகும் என்பதை அந்தக் கணக்கு அறியாது. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் என்ன செய்யும் என்பதை அங்குள்ள மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

கூர்ஜரத்திலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. சேலைகளுக்குச் சாயமிட்டு அச்சடிக்கும் ஜேத்பூரின் கழிவை, காந்தி மகானின் ஜன்ம பூமியாகிய போர்பந்தரின் கடலுக்குக் குழாய் மூலம் கொண்டுபோகும் திட்டம் வகுக்கப்பட்டது. போர்பந்தர் மீனவர்களும் நகரவாசிகளும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். ஜேத்பூரின் நிலைமைக்கும் நமது நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லவேண்டியதில்லை. உள்நாட்டில் ஒருவர் லாபம் அடைய, கரையோரத்தில் மற்றொருவர் வலையைச் சுருட்டவேண்டி வந்தால், அதற்குத் தேச முன்னேற்றம் என்று பெயரிடுவது தகாது.

சட்டமும் கடல் விஷயத்தில் சற்றுத் தாராளமாகவே இருக்கிறது. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆறு குளங்களில் விடும் கழிவுக்குப் பிராணவாயுத் தேவையின் உச்ச அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம். கரைக்கடலில் விடும் கழிவுக்கோ 100 மில்லிகிராம். அதே சமயம், ஜனங்கள் குளிக்கும் கரைக்கடலில் கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாதென்றும் தரம் வகுத்திருக்கிறார்கள். குழாயின் வாயில் தளர்ந்த விதி. கடலில் கண்டிப்பான விதி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பக் கடலின் கலக்கும் சக்தியையே நம்புகிறார்கள். அந்தச் சக்தி இவ்வளவு என்று சொல்வது மாதிரிக் கணக்கு. ஆகவே கணக்குத் தவறினால் குழாய் விதிப்படியே நடந்தும் கடல் கெடும்.

இது வீண் பயம் அன்று. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை பாதரசம் கலந்த கழிவைத் துறைமுகத்தில் விட்டு வந்தது. 1956-ல் மினமாட்டா நோய் வெளிப்பட்டது. 1958-ல் கம்பெனி கழிவு வாயை நதி முகத்திற்கு மாற்றியது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் நோய் தோன்றிற்று. 1959-ன் இறுதியில் ஆடம்பரமாக ஒரு சுத்திகரிப்பு யந்திரம் திறந்துவைக்கப்பட்டது. அது பாதரச விஷத்தை நீக்குவதற்கென்று அமைந்ததே அன்று. ஆயினும் யந்திரம் வந்துவிட்டது, இனி அபாயமில்லை என்று ஜனங்கள் நம்பும்படி ஆயிற்று. ஆலைக் கழிவே காரணம் என்று ஜப்பான் சர்க்கார் ஒப்புக்கொண்டது 1968-ல்தான். விஷம் கடலில் கரைந்து காணாமற் போகவில்லை. சிப்பியிலும் மீனிலும் சேர்ந்து, மீன் தின்றவர் உடலில் ஏறிற்று. தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று மட்டும் பார்க்கும் கணக்கு, மீனில் எவ்வளவு சேரும் என்பதைச் சொல்லாது. சாயக்கழிவு பாதரசக் கழிவன்று. ஆனால் சுத்திகரிப்பு யந்திரம் இருக்கிறது என்பது வேறு, எதை அது நீக்குகிறது என்பது வேறு என்னும் பாடம் எல்லாருக்கும் பொது.

நேர்மையாகக் கணக்குப் போட்ட இடமும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியே மாசசூசெட்ஸ் விரிகுடாவில் விடும் ஏற்பாடு 2000 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது நகரச் சாக்கடை, ஆலைச் சாயம் அன்று என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஆனால் முறை கவனிக்கத் தக்கது. 1992 முதலே, அதாவது குழாய் திறக்கப் பல ஆண்டுகள் முன்னரே, அவர்கள் அந்தக் கடலை அளந்து வைத்தனர். மாதிரிக் கணக்கின் விடையை வெளியிட்டனர். திறந்தபின் ஆண்டுதோறும் கடலை மீண்டும் அளந்து, கணக்கோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தனர். இன்ன அளவைத் தாண்டினால் எச்சரிக்கை, இன்ன நடவடிக்கை என்று முன்னதாகவே எழுதிவைத்தனர். தனி விஞ்ஞானிகளின் குழு ஒன்று மேற்பார்வை செய்தது. அங்கே கணக்கு அனுமதிச் சீட்டாக மட்டும் பயன்படவில்லை. பல ஆண்டு பரீட்சைக்கு உட்பட்டது.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்தக் கணக்கு ஒரு சாட்சியாகவே தோன்றுகிறது. நிபுண சாட்சியைக் கோர்ட்டு மதிக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணை இல்லாமல் ஏற்பதில்லை. இங்கே நடப்பது என்ன? திட்டத்தை நடத்துகிறவரே பணம் கொடுத்து நிபுணரை அமர்த்துகிறார். அறிக்கை இங்கிலீஷில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகிறது. 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது விசாரணையில், அதன் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீனவர் ஒருவர் என்ன கேட்க முடியும்? வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தின் வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி 1996-ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, தன் செயலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துகிறவரையே சேரும் என்று ஸ்பஷ்டமாகச் சொல்லிற்று. அந்தத் தத்துவத்தைக் கணக்குக்கும் பொருத்தவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். கேடு வரும் என்று மீனவர் நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்கு சரியானதென்று முதலாளியே நிரூபிக்க வேண்டும்.

ஆகவே, கடல் யோசனை மறுபடியும் வருமானால், சில நிபந்தனைகளைப் பொது ஜனங்கள் வற்புறுத்த வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய் வாயில் நாள்தோறும் அளந்த அளவுகள், கெட்ட நாட்கள் உட்பட, கணக்கில் சேரவேண்டும். கடலை எல்லாப் பருவங்களிலும், குறைந்தது ஒரு முழு ஆண்டாவது அளக்கவேண்டும். அந்த வேலையை முதலாளிகளின் கூலி பெறாத சர்க்கார் விஞ்ஞான நிலையங்களிடமே ஒப்படைக்க வேண்டும். கணக்கும் அதற்கு ஆதாரமான எண்களும் யாரும் சோதித்துப் பார்க்கும்படி வெளியாக வேண்டும். தமிழில் முழு விளக்கம் ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் முன்னதாகவே சேரவேண்டும். கணக்குச் சொன்னதற்கு மாறாகக் கடல் கெட்டால், குழாயை மூடும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளில் என்பது அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். இவை அனைத்திற்கும் முன்பாக, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறையைக் கைவிடுவதற்குக் கடல் ஒரு சாக்காக ஆகக்கூடாது. அந்த முறையின் பாரத்தைக் குறைக்கச் சர்க்கார் செலவிடும் ரூபாய், 250 கிலோமீட்டர் குழாயில் புதைக்கும் ரூபாயைவிடப் பயனுள்ளது என்று நாம் நம்புகிறோம்.

நமது அன்பர்களில் பலர் விவசாயிகள் சங்கங்களிலும் தொழிற்சங்கங்களிலும் பொதுப்பணி செய்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரத்துப்பாளையத்தின் கீழே இருந்த விவசாயிகளின் துயரத்தை மேலே இருந்தவர்கள் உணர்வதற்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. வழக்கு, மேல்வழக்கு, உத்தரவு என்று காலம் கடந்தது. நாகப்பட்டினத்தின் மீனவரும் அவ்வாறு கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்கும்படி செய்வது கொங்கு நாட்டுக்குக் கௌரவமாகாது. கீழே இருந்து துன்பப்பட்டவர்கள் நாம். ஆகையால் கீழே இருப்பவனின் பக்கம் நின்று முதலில் கேட்கவேண்டியவர்களும் நாமே. கணக்கைக் காட்டுங்கள் என்று இப்போதே, குழாய் புதைப்பதற்கு முன்பே, கேட்போமாக.